வீடு திரும்பும் விமானத்தில் குளூட்டன் இல்லாத உணவு

கேள்வி: கோதுமை போன்ற தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய் எனக்கு இருப்பது பதினான்கு மாதங்களுக்கு முன் உறுதியானது. அன்று முதல் குளூட்டன் கலந்த எதையும் தொடாமல் இருந்ததில் உடல் நன்றாகத் தேறிவிட்டது. சென்ற மாதம் இரண்டு வாரப் பயணமாக வெளிநாடு சென்றேன். போகும்போது, முன்பே கேட்டிருந்த சிறப்பு உணவு விமானத்தில் சரியாக வந்தது. திரும்பும்போது முதல் விமானம் தாமதமானதால் இணைப்பு விமானத்தைத் தவறவிட்டேன். வேறொரு நிறுவனத்தின் விமானத்தில் ஏற்றி அனுப்பினார்கள். அதில் எனக்கான சிறப்பு உணவு இல்லை. கையிலிருந்த தின்பண்டமும் தீர்ந்திருந்தது. "வெறும் சோறுதான்" என்று பணியாளர் சொன்னதை நம்பி, பழுப்பு நிறச் சாஸ் ஊற்றிய சோற்றைச் சாப்பிட்டேன். அடுத்த அரை மணி நேரத்திலேயே வயிறு உப்பியது. வீடு வந்து பதினொரு நாளாகியும் வயிற்றுப்போக்கும் உப்புசமும் நிற்கவில்லை. ஓராண்டுக்கு மேல் காத்த பத்தியம் வீணாகிவிட்டதா? மூன்று மாதத்தில் மீண்டும் பறக்க வேண்டும். அப்போது என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

வணக்கம். நீங்கள் கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் வருவதற்கு முன், கேட்காத ஒன்றைச் சொல்லிவிட வேண்டியிருக்கிறது. இந்தப் பதிலைப் படித்து முடித்த கையோடு உங்கள் குடல்நோய் மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள். தெரியாமல் ஒரு வேளை உணவில் சேர்ந்த குளூட்டனால் வரும் குமட்டல், வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு ஆகியவை பெரும்பாலும் சாப்பிட்ட சில மணி நேரத்துக்குள் தொடங்கி, அடுத்த சில நாள்களில் படிப்படியாகத் தணிந்துவிடும். பதினொரு நாளாகியும் அவை நீடிக்கின்றன என்றால், அந்தச் சோற்றின் மீது மட்டும் பழியைப் போட்டுவிட்டுக் காத்திருப்பது சரியில்லை.

வெளிநாடு சென்று திரும்பியவர்களுக்குக் குடல் தொற்று வருவது மிகச் சாதாரணம். அவற்றுள் ஜியார்டியா என்னும் ஒட்டுண்ணியால் வருவதை நீங்கள் முக்கியமாக நினைவில் வைக்க வேண்டும். அசுத்தமான நீர் அல்லது உணவு வழியாக உள்ளே போகும் அந்த ஒட்டுண்ணி, பொதுவாக ஒன்று முதல் மூன்று வாரங்களுக்குள் உப்புசம், நாற்றமும் எண்ணெய்ப் பசையும் கொண்ட மலம், களைப்பு, எடைக் குறைவு என்று சீலியாக் நோயைப் போலவே தோற்றமளிக்கும் தொல்லைகளைத் தருகிறது. மலப் பரிசோதனையில் அதைக் கண்டுபிடிக்கலாம். அதற்கு மருந்தும் உண்டு. ஆனால் பத்தியத்தை எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் அது போகாது. சீலியாக் நோய் உள்ளவர்கள் தங்களுக்கு வரும் எல்லா வயிற்றுக் கோளாறையும் குளூட்டன் கணக்கிலேயே எழுதிவிட்டு, வாரக்கணக்கில் தங்களைக் குறை சொல்லிக்கொண்டு இருப்பதை என் ஆலோசனை அறையில் அடிக்கடி பார்க்கிறேன். காய்ச்சலோ, மலத்தில் இரத்தமோ, எழுந்து நிற்கும்போது தலைசுற்றலோ, சிறுநீர் குறைந்து அடர்நிறமாகப் போவதோ இருந்தால் நேரம் வாங்கிக் காத்திருக்காமல் இன்றே செல்லுங்கள். அதுவரை ஓ.ஆர்.எஸ். கரைசலைச் சிறிது சிறிதாகக் குடித்து வாருங்கள். குடல் புண்பட்டிருக்கும் காலத்தில் பாலிலுள்ள லாக்டோஸ் தற்காலிகமாகச் செரிக்காமல் போவதுண்டு என்பதால் சில நாள்களுக்குப் பாலைக் குறைத்துப் பார்ப்பதும் நல்லது.

சாப்பிட்ட அரை மணி நேரத்தில் வயிறு உப்பியது என்று எழுதியிருக்கிறீர்கள். அது குளூட்டனால் வந்ததா என்பது எனக்கு ஐயமே. பறக்கும் விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் தரைமட்டத்து அழுத்தம் அன்று. ஏறத்தாழ 6,000 முதல் 8,000 அடி உயரமுள்ள மலையில் இருப்பதற்குச் சமமான அழுத்தத்தில்தான் பயணிகள் அமர்ந்திருக்கிறார்கள். அழுத்தம் குறையக் குறையக் குடலுக்குள் இருக்கும் காற்று விரியும்; அந்த உயரத்தில் அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வரை கூடுதல் இடத்தை அடைத்துக்கொள்ளும். பல மணி நேரம் அசையாமல் அமர்ந்திருப்பதும், சோடா போன்ற வாயு கலந்த பானங்களைக் குடிப்பதும் சேர்ந்தால் எந்த நோயும் இல்லாதவருக்கே வயிறு உப்பும். ஆகவே விமானத்தில் வரும் உப்புசத்தை மட்டும் வைத்துக்கொண்டு "குளூட்டன் உள்ளே போய்விட்டது" என்று தீர்மானிக்க வேண்டாம்.

இனி, உங்களை வருத்திக்கொண்டிருக்கும் முதல் கேள்வி. பத்தியம் வீணாகிவிடவில்லை. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே வரும்போது, உங்கள் உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பு சிறுகுடலின் உட்சுவரையே தாக்குகிறது. சத்துகளை உறிஞ்சும் நுண்ணிய குடலுறிஞ்சிகள் தட்டையாகிப் போகின்றன. இந்தச் சேதம் தொடர்ந்து உள்ளே வரும் குளூட்டனால் வளர்வது. நாள்தோறும் 50 மில்லிகிராம் குளூட்டனை மூன்று மாதம் உட்கொண்ட சீலியாக் நோயாளிகளின் குடலுறிஞ்சிகள் பாதிக்கப்பட்டதை 2007-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஒரு துண்டு ரொட்டியில் ஏறத்தாழ 2 கிராம், அதாவது 2,000 மில்லிகிராம் குளூட்டன் இருக்கிறது என்பதை வைத்துப் பார்த்தால், 50 மில்லிகிராம் என்பது எத்தனை சிறிய துணுக்கு என்பது விளங்கும். இதிலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. துணுக்குதானே என்று தினமும் அசட்டையாக இருப்பது குடலைக் கெடுக்கும். அதே சமயம், பதினான்கு மாதம் ஒழுங்காகக் காத்தவருக்கு ஒருநாள் நேர்ந்த தவறு உடலைப் பழைய நிலைக்குத் தள்ளிவிடாது. மறுநாளே பத்தியத்துக்குத் திரும்பியிருக்கிறீர்கள் என்றால் குடல் தன்னைச் சரிசெய்துகொள்ளும்.

இதை உறுதி செய்துகொள்ள உடனே இரத்தப் பரிசோதனைக்கு ஓட வேண்டியதில்லை. சீலியாக் நோயைக் கண்காணிக்க இரத்தத்தில் பார்க்கும் டிரான்ஸ்குளூட்டமினேஸ் எதிர்ப்பொருளின் அளவு ஒருமுறை நேர்ந்த தவறுக்குப் பெரும்பாலும் ஏறுவதில்லை; ஆண்டுதோறும் வழக்கமாகச் செய்யும் பரிசோதனை போதும். குளூட்டனைச் செரிக்க வைக்கும் என்று சொல்லி விற்கப்படும் நொதி மாத்திரைகளையும் நம்ப வேண்டாம். அவை சீலியாக் நோயாளியின் குடலைக் காக்கும் என்பது நிறுவப்படவில்லை. அடுத்த பயணத்தில் அந்த மாத்திரை பையில் இருக்கிறது என்ற தைரியத்தில் இன்னொரு தட்டைத் தொட்டுவிடுவீர்களோ என்பதே என் அச்சம்.

அடுத்த கேள்வி விரிவாகப் பேச வேண்டியது. போகும்போது எல்லாம் சரியாக நடந்ததால், திரும்பும்போதும் அப்படியே நடக்கும் என்று எதிர்பார்த்திருக்கிறீர்கள். அப்படித்தான் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். ஆனால் விமானத்தில் சமையல் நடப்பதில்லை. விமானம் புறப்படும் ஊரில் உள்ள பெரிய சமையற்கூடம் ஒன்றில் சமைத்து, வேகமாகக் குளிரவைத்து, தட்டுகளில் அடுக்கி ஏற்றிவிடுகிறார்கள். வானத்தில் அதைச் சூடு மட்டும் செய்து தருகிறார்கள். சில குறுகிய தடங்களில் இரு வழிக்கும் வேண்டிய உணவைப் புறப்பட்ட ஊரிலேயே ஏற்றுவதுண்டு என்றாலும், நீண்ட பயணங்களில் திரும்பும் விமானத்துக்கான உணவு பெரும்பாலும் வேறு ஊரில், வேறு சமையற்கூடத்தில், வேறு கைகளால் தயாராகிறது. ஒரே நிறுவனத்தின் விமானம், ஒரே முன்பதிவு எண், ஒரே பெயரில் வரும் சிறப்பு உணவு என்று எல்லாம் ஒன்றுபோல் தோன்றினாலும், போகும் வழியில் கிடைத்த நல்ல உணவு திரும்பும் வழிக்கு எந்த உத்தரவாதமும் தருவதில்லை. இதனால்தான் என்னிடம் வருவோரிடம், திரும்பும் பயணத்தைப் போகும் பயணத்தின் பின்பாதியாக நினைக்காமல் தனிப் பயணமாகவே திட்டமிடச் சொல்கிறேன். திரும்பும்போது நீங்கள் களைத்திருப்பீர்கள்; கொண்டுபோன பண்டங்கள் தீர்ந்திருக்கும்; வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் போதும் என்ற நினைப்பில் கேள்வி கேட்கும் பொறுமையும் குறைந்திருக்கும். தவறு நேர்வதற்கு இதைவிட வசதியான நேரம் வேறில்லை.

விமான நிறுவனங்கள் சிறப்பு உணவுகளுக்கு நான்கு எழுத்துக் குறியீடுகளைப் பயன்படுத்துகின்றன. குளூட்டன் இல்லாத உணவுக்கு உரியது ஜி.எஃப்.எம்.எல். என்பது. இதைப் புறப்பாட்டுக்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் கேட்க வேண்டும் என்பது பல நிறுவனங்களின் விதி. 48 மணி நேரமோ அதற்கு மேலோ கேட்கும் நிறுவனங்களும் உண்டு. இந்தக் கோரிக்கை பயணிக்காகப் பதிவாவதில்லை, ஒவ்வொரு விமானத்துக்கும் தனித்தனியாகப் பதிவாகிறது. இரண்டு விமானம் மாறிச் சென்றால் இரண்டிலும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு நிறுவனத்திடம் பயணச்சீட்டு வாங்கி, அதன் கூட்டாளி நிறுவனம் இயக்கும் விமானத்தில் பறப்பதாக இருந்தால், சீட்டு விற்றவரிடம் சொன்ன செய்தி விமானத்தை இயக்குபவருக்குப் போய்ச் சேராமலே நின்றுவிடுவதுண்டு. ஆகவே விமானத்தை உண்மையில் இயக்கும் நிறுவனத்திடமே நேரில் உறுதி செய்ய வேண்டும். பயண நாளை மாற்றினாலும், விமான நேரத்தை அவர்கள் மாற்றினாலும், உங்களுக்கு நேர்ந்தது போல் வேறு விமானத்துக்கு மாற்றினாலும் கோரிக்கை பதிவிலிருந்து உதிர்ந்துபோகலாம். எனவே வெளியூரில் இருக்கும்போதே, திரும்புவதற்கு மூன்று நாள் முன்பாக ஒருமுறையும், விமான நிலையத்தில் பெட்டியை ஒப்படைக்கும் இடத்தில் ஒருமுறையும் கேட்டுவிடுங்கள்.

இணைப்பு விமானம் தவறி வேறு விமானத்துக்கு மாற்றும்போது, புதிய இருக்கை அட்டையை வாங்கும் அதே நேரத்தில் உணவைப் பற்றிப் பேசிவிட வேண்டும். புறப்பாட்டுக்குச் சில மணி நேரமே இருக்கையில் சிறப்பு உணவை ஏற்பாடு செய்வது பெரும்பாலும் முடியாத காரியம். ஆனால் அது முடியாது என்பதை அங்கேயே தெரிந்துகொண்டால், விமானம் ஏறும் முன் நிலையத்துக்குள் இருக்கும் கடைகளில் முழுப் பழங்கள், ஓட்டுடன் உள்ள வேகவைத்த முட்டை, உப்பு மட்டும் சேர்த்த கொட்டைப் பருப்புகள் என்று எதையாவது தேடி வாங்க உங்களுக்கு நேரம் கிடைக்கும். விமானத்தில் ஏறி அமர்ந்த பின்பு தெரிந்தால், பசிக்கும் அந்தத் தட்டுக்கும் இடையில் வேறு எதுவும் இருக்காது.

சிறப்பு உணவு வந்துவிட்ட பிறகும் கவனம் தேவை. தட்டின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளில் உங்கள் இருக்கை எண்ணும் உணவின் குறியீடும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். ஓரத்தில் வைத்திருக்கும் ரொட்டியும் பிஸ்கட்டும் தனியாக உறையிட்டு, குளூட்டன் இல்லை என்று அச்சிட்டவையாக இருக்க வேண்டும். எல்லோருக்கும் கூடையில் கொண்டுவந்து தரும் வழக்கமான ரொட்டியைச் சிறப்புத் தட்டிலும் வைத்துவிடுவது, நல்லெண்ணத்தோடு நிகழும் தவறுகளிலேயே அடிக்கடி நிகழ்வது. இன்னொன்று, தரையிறங்குவதற்கு முன் தரும் சிறு உணவு. முதல் வேளைக்குச் சிறப்பு உணவை ஏற்றிய விமானத்தில் இரண்டாம் வேளைக்கு எல்லோருக்கும் தரும் சாண்ட்விச்தான் இருக்கும் என்ற நிலை உண்டு. ஆகவே முதல் தட்டு வரும்போதே, "அடுத்த வேளைக்கும் எனக்குச் சிறப்பு உணவு இருக்கிறதா?" என்று கேட்டுவிடுங்கள். இல்லை என்றால், முதல் தட்டில் உள்ள பழத்தை அப்போதே எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

அந்தச் சோற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. பணியாளர் பொய் சொல்லவில்லை. அரிசியில் குளூட்டன் கிடையாது என்பது உண்மைதான். ஆனால் வழக்கமான சோயா சாஸ் கோதுமை சேர்த்துப் புளிக்கவைப்பது. பழுப்பு நிறச் சாஸ்களைக் கெட்டியாக்கப் பெரும்பாலும் கோதுமை மாவையே சேர்க்கிறார்கள். விமானப் பணியாளர் அந்த உணவைச் சமைத்தவர் அல்லர். அதன் சேர்மானம் அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. "இதில் குளூட்டன் இருக்கிறதா?" என்று கேட்டால் அவர் தமக்குத் தெரிந்ததைச் சொல்வார். "இதன் சேர்மானப் பட்டியலைப் பார்க்கலாமா?" என்று கேட்டால், பட்டியல் இருக்கிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும். பட்டியல் இல்லாத உணவைத் தொட வேண்டாம். மேலே உள்ள சாஸை வழித்துவிட்டு அடியில் இருப்பதைச் சாப்பிடுவதும், மீண்டும் சூடு செய்தால் சரியாகிவிடும் என்று நினைப்பதும் பயன் தராது. சூட்டில் குளூட்டன் அழிவதில்லை. சைவ உணவு, நீரிழிவு உணவு என்ற பெயரில் வருபவையும் குளூட்டன் இல்லாதவை என்று பொருள்படாது. கோதுமை இல்லை என்று மட்டும் எழுதியிருந்தால், பார்லியிலிருந்து வரும் மால்ட் அதில் இருக்கலாம்.

இத்தனை முன்னேற்பாடும் தவறக்கூடும் என்பதால், உங்களைக் காக்கப்போவது உங்கள் கைப்பைதான். வீட்டிலிருந்து புறப்படும் நாளிலேயே இரண்டு பொட்டலங்களைக் கட்டுங்கள். ஒன்று போகும் வழிக்கு. மற்றொன்று திரும்பும் வழிக்கு. அதைப் பிரிக்காமல் பெட்டியின் அடியில் வைத்துவிட்டு, ஊர் திரும்பும் நாள் காலையில்தான் கைப்பைக்கு மாற்ற வேண்டும். இடையில் எவ்வளவு ஆசை வந்தாலும் அதைத் தொடக் கூடாது. நான் சொல்லும் எல்லாவற்றிலும் இந்த ஒன்றையாவது தவறாமல் செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். விமானம் பறக்கும் நேரத்தை வைத்து அளவைக் கணக்கிட வேண்டாம். தங்கும் இடத்தின் கதவைப் பூட்டியதிலிருந்து வீட்டுக் கதவைத் திறக்கும் வரை ஆகும் மொத்த நேரத்தைக் கணக்கிட்டு, அதற்கு மேல் இரண்டு வேளைக்கான உணவைக் கூடுதலாக வையுங்கள். திரும்பும் பொட்டலத்தில் கெடாத உலர் பண்டங்கள்தான் இருக்க வேண்டும்: குளூட்டன் இல்லை என்ற சான்று பெற்ற பிஸ்கட்டுகள், அரிசியில் செய்த மொறுமொறுப்பான தட்டைகள், கொட்டைப் பருப்புகள், உலர்ந்த பழங்கள். சமைத்த உணவையும் கொண்டுபோகலாம். ஆனால் குளிர்ச்சியில்லாமல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருந்ததைச் சாப்பிடக் கூடாது. குறிப்பாகச் சோற்றை அப்படி வைத்தால் நச்சுண்டாக்கும் கிருமி அதில் பெருகும். கொண்டுபோன உணவைச் சூடு செய்து தரப் பெரும்பாலான நிறுவனங்கள் மறுப்பதால், ஆறியபடியே சாப்பிடக்கூடியதாக இருக்கட்டும்.

லேபிளைப் படிக்கும்போது, குளூட்டன் இல்லை என்ற சொல்லுக்கு எல்லா நாட்டிலும் ஒரே பொருள் இல்லை என்பதையும் அறிந்திருங்கள். ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பது சர்வதேச உணவுத் தரக் குழுவான கோடெக்ஸ் 2008-இல் திருத்தி வகுத்த அளவு. ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் அதே அளவைப் பின்பற்றுகின்றன. இந்த அளவுக்குட்பட்ட உணவை ஒரே நாளில் அரை கிலோ சாப்பிட்டாலும் உள்ளே போவது 10 மில்லிகிராமைத் தாண்டாது. பெரும்பாலான சீலியாக் நோயாளிகளின் குடல் அதைத் தாங்கிக்கொள்கிறது. ஐரோப்பாவில் மிகக் குறைந்த குளூட்டன் என்று தனியாக ஒரு வகை உண்டு. அதில் கிலோவுக்கு 100 மில்லிகிராம் வரை இருக்கலாம். உங்களுக்கு அது ஏற்றதன்று.

பாதுகாப்புச் சோதனையில் தயிர், ஜாம், கொட்டைப் பருப்பிலிருந்து அரைத்த வெண்ணெய் போன்றவை திரவமாகவே கருதப்படுகின்றன. பல விமான நிலையங்களில் 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட கொள்கலனை உள்ளே விடுவதில்லை. உணவைக் குளிர்விக்கும் ஐஸ் பொதியும் உருகத் தொடங்கியிருந்தால் தடைபடலாம். நோயைக் குறிப்பிட்டு மருத்துவர் எழுதித் தந்த கடிதம் ஒன்று கையில் இருப்பது இங்கெல்லாம் உதவும்.

திரும்பி வந்து இறங்கும்போது நேரெதிரான சிக்கல் ஒன்று உண்டு. மிச்சமிருக்கும் உணவில் பழம், காய்கறி, இறைச்சி, பால் பொருள் ஆகியவற்றைப் பல நாடுகள் எல்லைக்குள் அனுமதிப்பதில்லை. விமானத்திலேயே தந்த ஆப்பிளாக இருந்தாலும் அதைப் பையில் போட்டுக்கொண்டு இறங்குவது குற்றமாகக்கூடும். இறங்குவதற்கு முன் அவற்றைச் சாப்பிட்டுவிடுங்கள், அல்லது விமானத்திலேயே விட்டுவிடுங்கள். மீதியைப் படிவத்தில் மறைக்காமல் குறிப்பிடுங்கள்.

பயணத்தின் கடைசி வேளை உணவு வீட்டில்தான் என்பதைப் பலரும் திட்டமிட மறந்துவிடுகிறார்கள். நள்ளிரவில், பசியோடு, காலியான குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து நிற்கும்போது, வெளியே எதையாவது வாங்கிச் சாப்பிடத் தோன்றும். புறப்படும் முன்பே ஒரு வேளைக்கான உங்கள் பத்திய உணவைச் சமைத்து உறையவைத்துவிட்டுப் போங்கள். நீங்கள் இல்லாத நாள்களில் வீட்டில் மற்றவர்கள் இருந்திருந்தால், உங்களுக்கென்று ஒதுக்கிய காய்கறி வெட்டும் பலகையும் வெண்ணெய் டப்பாவும் ரொட்டி சுடும் கருவியும் அவர்களுடைய ரொட்டித் தூளோடு இருக்கக்கூடும். ரொட்டித் தூள் படிந்த வெண்ணெயை அவர்களுக்கே விட்டுவிட்டு, உங்களுக்குப் புதிதாக ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள். பலகையைச் சோப்பிட்டுக் கழுவலாம். ரொட்டி சுடும் கருவியைக் கழுவிச் சுத்தமாக்க முடியாது. அது உங்களுக்கென்று தனியாக இருந்து, வேறு யாரும் பயன்படுத்தியிருந்தால் மாற்றிவிடுங்கள்.

மருத்துவரைப் பார்க்கும்போது, பயணத்தில் எந்தெந்த நாளில் எங்கே எதைச் சாப்பிட்டீர்கள், என்ன தண்ணீர் குடித்தீர்கள், தொல்லை எந்த நாளில் தொடங்கியது, இப்போது ஒரு நாளில் எத்தனை முறை வெளியே போகிறது என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். வெளிநாடு போய்த் திரும்பியதை அவர் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள். அது தெரிந்தால்தான் ஜியார்டியாவுக்கான மலப் பரிசோதனையை முதல் நாளிலேயே எழுதித் தருவார்.